மரத்தில் தொங்கிய ரயிலைத் தண்டவாளத்தில் ஏற்றுவது எப்படி?

ஏற்காட்டுக்கு ரயில் போனதே இல்லை. சேலத்தில் இறங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸிலோ காரிலோதான் ஏற வேண்டும். ஆனால் என் வீட்டு மேசையில் ஏற்காட்டு ரயில் ஒன்று ஓடுகிறது. ஒரு கறுப்பு என்ஜின், அதன் பின்னால் மூடிய சரக்குப் பெட்டி, நீலமும் க்ரீமும் பூசிய இரண்டு பயணிகள் பெட்டிகள். இந்த நான்கின் உடலும் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கிய அலங்காரப் பொம்மைகள்.

அக்காவின் வீடு ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம். ஒரு ஜனவரியில் மரத்தைக் கலைத்தபோது, கொக்கி உடைந்த ரயில் பொம்மைகளைத் தனியாக எடுத்து வைத்து, "இதெல்லாம் தூக்கிப் போடப் போறேன், உனக்கு வேணுமாடா?" என்று கேட்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது. மாடல் ரயில் என்றாலே வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைக்க வேண்டும், நமக்கு ஆகாது என்று ஒதுங்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தண்டவாளம், சக்கரம், மோட்டார் இவற்றை மட்டும் வாங்கினால் போதும். மற்றதை அலமாரியிலும் பண்டிகைக்குப் பிந்தைய தள்ளுபடிக் கூடையிலும் தேடலாம்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ரயில் சக்கரத்தால்தான் ஓடுகிறது, உடலால் அல்ல. சக்கரமும் பாதையும் சரியான அளவில் இருந்தால் மேலே மரக்கட்டை இருந்தாலும் ஓடும். அவை சரியில்லை என்றால் எவ்வளவு அழகான என்ஜினும் முதல் வளைவிலேயே கவிழும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் உடலுக்குப் பெயின்ட் அடிப்பதில் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பெயின்ட்டைக் கடைசியில் வையுங்கள்.

அகலத்தை அளங்கள்

வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக்கில் கிடைப்பது போதும். பொம்மையின் உடல் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். நீளமும் உயரமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உலகெங்கும் மாடல் ரயிலில் அதிகம் புழங்கும் பாதைகள் இரண்டு. ஒன்று 16.5 மி.மீ. அகலப் பாதை, அதில் எச்.ஓ. என்னும் 1:87 அளவு (உண்மையான ரயிலில் 87-இல் ஒரு பங்கு) ரயில்கள் ஓடுகின்றன. மற்றது 9 மி.மீ. பாதை, அதில் 'என்' என்னும் 1:160 அளவு ரயில்கள். அலங்கார ரயில்கள் இந்த இரண்டு அளவுகளுக்கும் பொருந்தாது. செய்தவர்கள் அளவு பார்த்துச் செய்யவில்லை, மரக்கிளையில் அழகாகத் தொங்க வேண்டும் என்று பார்த்துச் செய்தார்கள். அதனால் உடல் குட்டையாக இருக்கும், புகைபோக்கி பெரிதாக இருக்கும், கதவும் ஜன்னலும் ஒன்றுக்கொன்று சேராது. இதைக் குறையாக நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் வழியைக் காட்டியது.

ரயிலின் அகலத்தைப் பாதையின் அகலத்தால் வகுத்துப் பாருங்கள். நம் அகலப்பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 1676 மி.மீ., பெட்டியின் அகலம் சுமார் 3.25 மீட்டர். வகுத்தால் இரண்டை ஒட்டி வருகிறது. மீட்டர் கேஜில் பாதை 1000 மி.மீ., பெட்டி சுமார் 2.7 மீட்டர். வகுத்தால் 2.7. பாதையைவிடப் பெட்டி இருபுறமும் நன்றாகத் துருத்திக்கொண்டு நிற்கும், மீட்டர் கேஜ் ரயிலின் முகமே அதுதான். சேலத்திலிருந்து விருத்தாசலத்துக்கும் பெங்களூருக்கும் மீட்டர் கேஜ் ஓடிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோற்றம் மறந்திருக்காது.

அக்கா கொடுத்த என்ஜினின் அகலம் 24 மி.மீ. அதை 9 மி.மீ. பாதையில் வைத்தால் 24-ஐ 9-ஆல் வகுக்க 2.67. அப்படியே மீட்டர் கேஜ்! உண்மையான 2.7 மீட்டர் இங்கே 24 மி.மீ. ஆகிறது என்றால் அளவு ஏறத்தாழ 1:110. அந்தக் கணக்கில் 9 மி.மீ. பாதை ஒரு மீட்டருக்குச் சமம். உடலும் பாதையும் ஒரே கணக்கில் உட்கார்ந்துவிட்டன. என் மொத்த ரயிலும் இந்த ஒரு வகுத்தலில் பிறந்ததுதான்.

ஆகவே உங்கள் பொம்மையின் அகலம் 20 முதல் 28 மி.மீ. வரை இருந்தால் 9 மி.மீ. பாதை. 40 முதல் 48 வரை இருந்தால் 16.5 மி.மீ. பாதை, அப்போது அளவு ஏறத்தாழ 1:60 ஆகும். இரண்டுக்கும் நடுவில் வருவதை 9 மி.மீ.-இல் வைத்தால் ஆடும், 16.5-இல் வைத்தால் அகலப்பாதை ரயில்போல் தெரியும். முதல் முயற்சிக்கு அவை வேண்டாம். ஒரே ரயிலில் சேர்க்கும் பெட்டிகளின் அகலம் ஒன்றுக்கொன்று இரண்டு மி.மீ.-க்கு மேல் வித்தியாசப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண் உயரத்தை மன்னிக்கும், அகலத்தை மன்னிக்காது.

மரத்தைச் சுற்றித் தரையில் ஓடும் பேட்டரி ரயில் செட் வேறு, தொங்கும் பொம்மை வேறு. அந்த செட்டின் பிளாஸ்டிக் பாதை எந்தப் பொது அளவிலும் சேராமல் இருக்கலாம். அதன் பெட்டிகளின் உடலை எடுத்துக்கொள்ளுங்கள், பாதையை விட்டுவிடுங்கள்.

என்ன பொருளால் செய்தது?

வெட்டும் முன் இது தெரிய வேண்டும். காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் தகரம். ஒட்டவில்லை, கையில் கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கிறது என்றால் துத்தநாகக் கலவையை வார்த்துச் செய்தது. கனமாக இருந்தும் குளிர்ச்சி இல்லை, அடியில் சுரண்டினால் மாவுபோல் வெள்ளைத் தூள் வருகிறது என்றால் ரெசின். லேசாக இருந்தால் பிளாஸ்டிக். மரம் பார்த்தாலே தெரியும்.

முதல் பெட்டிக்கு மர பொம்மையை எடுங்கள். மரத்தில் திருகு நிற்கும், பசை பிடிக்கும், தப்பாக வெட்டினால் ஒட்டிக்கொள்ளலாம், மின்சாரம் கடத்தாது. கண்ணாடிப் பொம்மையைத் தொட வேண்டாம், அது மரத்திலேயே தொங்கட்டும். மிகப் பழைய உலோகப் பொம்மைகளின் பெயின்ட்டிலும் கலவையிலும் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

ஜிகினாவைக் கழுவுங்கள்

இதைத் தனித் தலைப்பாக எழுதக் காரணம் இருக்கிறது. பனி விழுந்த மாதிரி வெள்ளைத் தூளும் ஜிகினாவும் ஒட்டாத கிறிஸ்துமஸ் பொம்மை அபூர்வம். முதல் பெட்டியை நான் அப்படியே தண்டவாளத்தில் ஏற்றினேன். இரண்டு நாள் ஓடிய பிறகு மோட்டார் முனகி நின்றது. பிரித்தால் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லிடுக்கிலும் ஜிகினா. ஒரு மாலை முழுக்க ஊசியால் அதைக் குத்தி எடுத்தேன்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். மர பொம்மையை ஊறவைக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்து, மிச்சத்தை உப்புத்தாளால் எடுங்கள். வெள்ளி, தங்க நிறத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும் பிளாஸ்டிக் என்றால் அந்த முலாம்மேல் பெயின்ட் நிற்காது. துணி வெளுக்கும் ப்ளீச் திரவத்தில் போட்டுவைத்தால் முலாம் கரைந்துவிடும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்தத் திரவத்தோடு கழிப்பறை கழுவும் ஆசிட் போன்ற எதையும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

கழுவும் வேலையைச் சமையலறைத் தொட்டியில் செய்யாமல் ஒரு பக்கெட்டில் செய்து, தண்ணீரைப் பழைய துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். ஜிகினா ஒரு தடவை வீட்டுக்குள் பரவினால் பொங்கல் வரை சோற்றுத் தட்டில் மினுக்கும்.

கொக்கியும் பொய்ச் சக்கரமும்

மேலே இருக்கும் தொங்கு வளையத்தைக் குறடால் முறுக்கிப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் உடலும் சேர்ந்து பெயரும். வளையத்தின் காலை ஒட்ட வெட்டி, மிச்சத்தை அரத்தால் ராவி, பள்ளத்தை எம்சீல் வைத்து அடையுங்கள். வளையம் இருந்த இடம் பெரும்பாலும் என்ஜினின் நடு முதுகாக இருக்கும். அங்கே எம்சீலையே சின்ன உருண்டையாக உருட்டி வைத்தால் நீராவி என்ஜினின் குவிமாடம் ஆகிவிடும், காயமும் தெரியாது.

அடுத்து சக்கரம். பொம்மையின் சக்கரங்கள் பெரும்பாலும் உடலோடு சேர்த்து வார்த்தவை, சுற்றாது. பெட்டிகளில் இவற்றை முழுவதும் வெட்டி எடுத்து அடியைச் சமமாக்க வேண்டும். என்ஜினில் மட்டும் பொறுங்கள். நீராவி என்ஜினின் பெரிய சக்கரங்களும் அவற்றை இணைக்கும் தண்டும்தான் அதன் அழகு. அவற்றை வெட்டாமல், அடிப்பக்கத்தை மட்டும் ஒரு மி.மீ. ராவிவிட்டு, தண்டவாளத்தைத் தொடாமல் மிதக்க விடலாம். உண்மையில் ஓடும் சின்னச் சக்கரங்களை அவற்றுக்கு இடையில் மறைத்துவிடலாம். 9 மி.மீ. சக்கரங்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை சுமார் 12 மி.மீ. வரும். இருபுறப் பொய்ச் சக்கரங்களுக்கு நடுவில் 13 மி.மீ. இடம் இருந்தால் போதும். மேசை மட்டத்திலிருந்து பார்க்கும்போது பெரிய சக்கரங்கள் சுற்றவில்லை என்பது கவனத்துக்கே வராது.

துத்தநாகத்தை வெட்ட இரும்பு ஹேக்ஸா முரடு. என் முதல் என்ஜினின் முன்பக்கம் அப்படித்தான் இரண்டாக உடைந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த கொலுசுப் பட்டறைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் அண்ணன், வெள்ளிக்கு அவர்கள் பயன்படுத்தும் நூல் போன்ற வாளை எடுத்து, மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, இரண்டு நிமிடத்தில் இன்னொரு சக்கரத்தை அறுத்துக் காட்டினார். "அழுத்தாதீங்க தம்பி. வாளை அது போக்குல விடுங்க, நீங்க திசை மட்டும் காட்டுங்க" என்றார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு பொம்மைகூட உடையவில்லை. சேலத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. மாடல் ரயிலுக்கு வேண்டிய ஊசி அரம், சாமணம், மெல்லிய வாள், கையால் சுற்றும் சின்னத் துளைப்பான் எல்லாம் கொலுசு வேலைக்காரர்கள் வாங்கும் கடைகளிலேயே கிடைக்கின்றன.

ரெசினை வெட்டும்போது முகக்கவசம் கட்டாயம். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், தூள் பறக்காது. தகரத்தின் வெட்டு விளிம்பு பிளேடுபோல் இருக்கும், உடனே ராவிவிடுங்கள்.

உண்மையான சக்கரங்கள்

எளிய வழி, பயன்படுத்திய 'என்' அளவு நான்கு சக்கரச் சரக்குப் பெட்டிகளை வாங்குவது. மேல் உடல் உடைந்திருந்தாலும் கவலை இல்லை, நமக்கு அடிச்சட்டம்தான் வேண்டும். உடலைக் கழற்றிவிட்டு, பொம்மையின் அடியில் அந்தச் சட்டத்தை இரண்டு சின்னத் திருகால் பொருத்துங்கள். ஆறு செ.மீ. வரை நீளமுள்ள பெட்டிக்கு இது போதும்.

அதைவிட நீளமான பெட்டிக்கு முன்னும் பின்னும் திரும்பக்கூடிய நான்கு சக்கர வண்டிகள் இரண்டு வேண்டும். என் பயணிகள் பெட்டிகள் 70 மி.மீ. நீளம், அவற்றுக்கு இப்படித்தான் போட்டேன். இரண்டு வண்டிகளையும் ஒரே இறுக்கத்தில் திருகக் கூடாது. ஒன்று இடம் வலமாகத் திரும்ப மட்டும் வேண்டும், பக்கவாட்டில் சாயக்கூடாது. மற்றொன்றின் திருகை அரைச் சுற்று தளர்த்தி, சாயவும் விட வேண்டும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும், நாற்காலி ஆடும் அல்லவா? அதே காரணம்தான். பாதையில் சின்ன மேடு பள்ளம் வந்தால் தளர்ந்த வண்டி அதை வாங்கிக்கொள்ளும், எட்டுச் சக்கரங்களும் தண்டவாளத்திலேயே இருக்கும்.

சக்கர ஜோடியின் உள்பக்க இடைவெளியையும் அளங்கள். 9 மி.மீ. பாதைக்கு ஏழரை மி.மீ.-ஐ ஒட்டியும், 16.5 மி.மீ. பாதைக்கு 14.4 மி.மீ.-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். பழைய பெட்டிகளில் சக்கரம் அச்சில் நகர்ந்து இது மாறியிருக்கும். பாதை பிரியும் இடத்தில் மட்டும் ஒரு பெட்டி திரும்பத் திரும்பக் கவிழ்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

உடலைப் பொருத்தும் முன், வெறும் சட்டத்தைப் பாதையில் வைத்துக் கையால் தள்ளி ஒரு முழுச் சுற்று விடுங்கள். அது தடுமாறாமல் வந்த பிறகுதான் உடல். பசை போட்டு ஒட்டாதீர்கள், திருகுங்கள். பின்னால் ஒரு நாள் கழற்ற வேண்டி வரும். உலோகத்திலும் ரெசினிலும் திருகுக்குப் பிடிப்பு வேண்டுமென்றால் உள்ளே ஒரு மரத்துண்டை அரால்டைட் போட்டு ஒட்டி, அதில் திருகுங்கள். ஃபெவிக்விக் அவசரத்துக்கு நல்லது, ஆனால் சுற்றிலும் வெள்ளைப் படலம் படரும், அதிர்ச்சியில் விட்டும் போகும்.

எடை

அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது. 'என்' அளவுப் பெட்டிக்கு அடிப்படையாக அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம். அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நான்கு கிராமுக்குச் சற்று மேல். 70 மி.மீ. பெட்டிக்குக் கணக்குப் போட்டால் சுமார் 26 கிராம். எச்.ஓ. என்றால் 28 கிராமும் அங்குலத்துக்கு 14 கிராமும்.

பிளாஸ்டிக், மரப் பெட்டிகள் இதற்குக் கீழேதான் நிற்கும். தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைத் தரையோடு ஒட்டி வையுங்கள், கூரைப் பக்கம் வைத்தால் கவிழும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரெசின், துத்தநாகப் பொம்மைகள் பரிந்துரையைத் தாண்டியே இருக்கும். என் என்ஜின் மட்டும் 60 கிராம். அப்படிப்பட்ட உடலை அடிப்பக்கமாகக் குடைந்து இளைக்கலாம். ஆனால் ஒரே ரயிலில் இரண்டுக்கு மேல் கனமான உடல் வேண்டாம். சின்ன மோட்டார் இழுக்காது.

மோட்டாரை எங்கே வைப்பது?

என்ஜினுக்குள் வைக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வார்த்த என்ஜினின் வயிற்றில் இடமே இருக்காது. எனவே மோட்டாரைப் பின்னால் வரும் சரக்குப் பெட்டியில் ஒளித்து வையுங்கள். முன்னால் போகும் என்ஜினை அது தள்ளும், பின்னால் வருவதை இழுக்கும்.

இதில் மனக்குறை வேண்டாம். நம் சேலம் கோட்டத்தின் கீழ் இருக்கும் நீலகிரி மலை ரயிலில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது என்ஜின் பின்னால் நின்று தள்ளிக்கொண்டுதான் போகிறது. மலைப் பாதையில் தள்ளுவது மரியாதையான வேலை.

9 மி.மீ. பாதைக்குத் தயாராகக் கிடைக்கும் நான்கு சக்கர மோட்டார் சட்டம் ஒன்றை வாங்குங்கள். ஜப்பானின் காட்டோ, டோமிடெக் நிறுவனங்கள் இப்படிச் சின்னச் சட்டங்களைத் தனியாகவே விற்கின்றன. தண்டவாளம் வழியாக நேர்மின்சாரம், 12 வோல்ட் வரை, கொடுக்க சின்ன கன்ட்ரோலர் ஒன்று போதும். மூடிய சரக்குப் பெட்டி பொம்மை ஒன்றை உள்ளே குடைந்து அதன்மேல் தொப்பிபோல் கவிழ்த்துவிடுங்கள். மிச்ச இடம் முழுக்க எடை வையுங்கள். இழுப்புச் சக்தி எடையிலிருந்துதான் வரும்.

16.5 மி.மீ. பாதையில் பெரிய பொம்மை என்றால் தண்டவாளத்தில் மின்சாரமே இல்லாமல் பேட்டரியில் ஓட்டலாம். என்20 என்ற பல்சக்கர மோட்டார் 12 மி.மீ. அகலமும் 10 மி.மீ. உயரமும்தான். அதைக் குறுக்காகப் படுக்க வைத்து, அதன் தண்டில் ஒரு பல்சக்கரமும் அச்சில் அதே அளவில் ஒன்றுமாகப் போடுங்கள். நிமிடத்துக்கு 100 சுற்று வகையை வாங்குங்கள். 12 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தோடு விநாடிக்குச் சுமார் 63 மி.மீ. நகரும். 1:60 அளவில் அது மணிக்குப் பதிமூன்று, பதினான்கு கி.மீ. வேகம். ஊட்டி ரயில் 46 கி.மீ. போக ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. மலை ரயிலுக்கு அதுதான் அழகான வேகம்.

தண்டவாளத்தில் மின்சாரம் ஓட்டுபவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. உலோக உடல் இருபுறச் சக்கரங்களையும் தொட்டால் ஷார்ட் ஆகும். என் என்ஜின் வளைவில் சாயும்போது மட்டும் இப்படி ஆகி, ரயில் அதே இடத்தில் நின்று நின்று போனது. காரணம் புரியவே ஒரு வாரம் ஆயிற்று. உடலின் உள்பக்கம் முழுக்க இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள், திருகுக்கு நைலான் வாஷர் போடுங்கள். சக்கர அச்சு உலோகமாக இருந்தால் ஒரு பக்கச் சக்கரமாவது பிளாஸ்டிக் புஷ் வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டிகளை இணைப்பது

மோட்டார் பெட்டிக்கும் என்ஜினுக்கும் நடுவில் விறைப்பான கம்பி வேண்டும், ஏனென்றால் தள்ள வேண்டும். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, இரு முனையிலும் வளையம் போட்டு, திருகில் மாட்டுங்கள். மற்ற பெட்டிகளுக்கு இழுப்பு மட்டும்தான், சங்கிலி போதும். அறுந்த கொலுசில் இருக்கும் மூன்று வளையங்களை எடுத்து மாட்டினேன். பழைய சரக்கு ரயில்களின் மூன்று கண்ணிச் சங்கிலி மாதிரியே இருக்கிறது. சங்கிலி இருக்கும்வரை ரயிலைப் பின்னோக்கி ஓட்டாதீர்கள்.

இரண்டு உலோக உடல்களை உலோகச் சங்கிலியால் இணைத்தால், ஒன்றில் இருக்கும் மின்கசிவு மற்றதுக்கும் போகும். நடுவில் ஒரு நைலான் நூல் முடிச்சு போட்டுவிடுங்கள்.

வளைவும் பலகையும்

மிக நீளமான பெட்டியை அளங்கள். எல்லாப் பெட்டிகளும் ஏறத்தாழ ஒரே நீளம் என்றால் வளைவின் ஆரம் அதைப்போல் இரண்டரை மடங்காவது வேண்டும். நீளங்கள் வேறுபட்டால் மூன்று மடங்கு. என் 70 மி.மீ. பெட்டிக்கு 175 மி.மீ. டோமிடெக்கின் டோமிக்ஸ் பிராண்டில் சிறிய வளைவுகள் 103, 140, 177 மி.மீ. ஆரங்களில் வருகின்றன. அதில் 177 எடுத்தேன். அது ஒரு சுற்று சுற்ற 75-க்கு 50 செ.மீ. பலகை தாராளம். 12 மி.மீ. பிளைவுட்டை மரக்கடையிலேயே அறுத்துத் தருவார்கள்.

தண்டவாளம் வாங்கும்போது நிக்கல் சில்வர் என்று கேட்டு வாங்குங்கள். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் இரும்புத் தண்டவாளம் ஒரு மழைக்காலம் தாங்காது. அக்கா வீட்டில் நான் விட்டுவந்த பழைய துண்டுகள் ஆகஸ்டில் செம்மண் நிறத்துக்கு வந்திருந்தன.

மலைக்குத் தெர்மாகோலை அடுக்கி, கத்தியால் சீவி, மேலே செய்தித்தாள் துண்டுகளைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்தினேன். தின்னர் கலந்த பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும், கிட்டவே கொண்டுபோகாதீர்கள். மண்ணுக்கு காபி வடிகட்டிய சக்கை. வெயிலில் மூன்று நாள் நன்றாகக் காய வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். சேர்வராயன் மலையின் காபித் தோட்டத்து நிறம் இதைவிடச் சரியாக வேறு எதிலும் எனக்கு வரவில்லை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் கத்தரித்தால் காபிச் செடிகள். அவற்றுக்கு நடுவில் நெட்டையான காய்ந்த குச்சிகளில் பஞ்சுத்தூள் ஒட்டி நிறுத்தினால் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரங்கள். அடிவாரத்தில் சேலத்து வெள்ளைக்கல்லை உடைத்து இரண்டு இடத்தில் பதித்திருக்கிறேன்.

பாதைக்கு ஜல்லி போடும் மணலை முதலில் சல்லடையில் சலித்து, காந்தத்தை அதன்மேல் ஓட்டுங்கள். மணலில் இருக்கும் இரும்புத் துகள்கள் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பரப்பிய பிறகு தண்ணீர் ஸ்ப்ரே பண்ணி, நீர்த்த ஃபெவிகாலில் ஒரு சொட்டு பாத்திரத் திரவம் கலந்து, சொட்டு மருந்துக் குழாயால் விடுங்கள்.

குகை வைப்பதாக இருந்தால் மலையை ஒட்டும் முன் மிக அகலமான பெட்டியின் இருபுறமும் பென்சில் கட்டி ஒரு சுற்றுத் தள்ளுங்கள். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் எவ்வளவு நீட்டுகின்றன என்று பலகையில் கோடு விழும். அந்தக் கோட்டுக்கு வெளியே இன்னும் மூன்று மி.மீ. விட்டுச் சுவர் வையுங்கள். அலங்கார என்ஜினின் புகைபோக்கி எப்போதும் உயரம் என்பதால் குகை வாயிலின் உயரத்தையும் அதைவைத்தே முடிவு செய்யுங்கள்.

நிலையத்தில் நிற்கும் ஆட்களுக்கு, கட்டட மாடல் செய்பவர்கள் வாங்கும் 1:100 பொம்மை மனிதர்கள் 1:110 ரயிலோடு ஒத்துப்போகிறார்கள். ஒரு மி.மீ., ஒன்றரை மி.மீ. வித்தியாசம்தான்.

இப்போது பெயின்ட்

எல்லாம் ஓடிய பிறகு உடலைக் கழற்றி, உலோகத்துக்கும் ரெசினுக்கும் ப்ரைமர் அடித்து, மேலே ஆக்ரிலிக் பெயின்ட்டை மெல்லியதாக இரண்டு கை பூசுங்கள். சாண்டா தாத்தாவும் பரிசுப் பெட்டியும் என்ஜினோடு சேர்த்து வார்க்கப்பட்டிருந்தால் தொப்பியை ராவி, தாடியைச் சீவி, சட்டைக்குக் காக்கி பூசினால் டிரைவர் தயார். பரிசுப் பெட்டிகளைக் கறுப்பாக்கினால் நிலக்கரி. ஒவ்வொரு பயணிகள் பெட்டியின் முன் மேடையிலும் ஊட்டி ரயிலில் நிற்பதுபோல் கொடி பிடித்த பிரேக்காரர் ஒருவரை ஒட்டினேன். அந்த ஒரு ஆள் வந்ததும் பொம்மை ரயில் மலை ரயிலாகிவிட்டது.

முன்விளக்கு வேண்டும் என்றால் 3 மி.மீ. துளையில் வெள்ளை எல்.இ.டி. வைத்து, 12 வோல்ட்டுக்கு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள். ரயிலை ஒரு திசையில் மட்டும் ஓட்டுவதால் முனை மாறும் கவலை இல்லை.

ஓட்டி முடித்ததும் தண்டவாளத்தை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மூடி வையுங்கள். எங்கள் பலகை நவராத்திரிக்கு சேலத்தில் கொலுப்படிக்குக் கீழே பூங்காவைச் சுற்றி ஓடும். டிசம்பரில் பஸ்ஸில் மடிமேல் வைத்து ஏற்காட்டுக்கு எடுத்துப்போனால் அக்கா வீட்டுக் குடிலைச் சுற்றி ஓடும். மலை ஏறும்போது மட்டும் பெட்டிகளைத் தனித்தனியாகப் பழைய துணியில் சுற்றி வைத்துக்கொள்கிறேன். பதினெட்டாவது வளைவில் ஒரு தடவை என்ஜினின் புகைபோக்கி உடைந்து, அக்கா வீட்டு எம்சீலில் சரிசெய்ய வேண்டியதாயிற்று.